தானாக விளையாடுவதற்கான ஒத்திகை

என் மகள் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளியில் கூப்பிட்டால் பரவாயில்லை, அங்கே நான் மிஸ்தான். வீட்டிலும் அதே கதை. "மிஸ், தண்ணி." "மிஸ், கால் கழுவி விடு." "மிஸ், கதை சொல்லு." முதல்முறை கேட்டபோது அவளுடைய அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க மிஸ்ஸை எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொல்லு" என்று அவரும் சேர்ந்துகொண்டார். நானும் சிரித்தேன்.

என் நாத்தனார் வந்திருந்த ஒரு மதியம் சிரிப்பு நின்றது. தூக்கத்தில் புரண்ட குழந்தை "மிஸ்..." என்று முனகி என் புடவையைத் துழாவினாள். "என்ன அண்ணி இது, தூக்கத்துல கூடவா? பெத்தவளை மறந்தே போயிட்டாளா?" என்றார் நாத்தனார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம், எப்போதும் ஏதாவது சொல்வார், நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். அன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவள் மறுபடியும் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும்.

மூன்றரை வயதுக்காரி. வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். தன் வேலையுண்டு தான் உண்டு என்று போய்க்கொண்டிருப்பாள், வழியை மறித்தால் கடித்துவிடுவாள். இப்போதெல்லாம் கடிப்பதில்லை. வளர்ச்சி அடைந்துவிட்டாளாம்.

நான் வேலை பார்ப்பது மழலையர் மையம் ஒன்றில். பள்ளி என்று மேலே எழுதிவிட்டேன், அது தவறு. "பள்ளிக்கூடம்னா பாடம் நடத்தற இடம். நாம இங்க முழுமையான குழந்தையை உருவாக்கறோம்" என்பார் எங்கள் நிர்வாகி. ஒரு வாக்கியத்தில் ஒரு முழுமையாவது இல்லாமல் அவருக்குப் பேச வராது. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை முழுமை மேடம் என்போம். அவர் முழுமையான சிற்றுண்டி என்று சொல்வது அரை வாழைப்பழத்தை.

வாசலில் நுழைந்ததும் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று இருக்கும். அதில் ஒரு குழந்தை கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. தலை அறிவு, வாய் மொழி, நெஞ்சு உணர்வு, கைகள் சமூகம், கால்கள் உடல் என்று கோடு போட்டுப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்திருக்கிறார்கள். எந்தத் துண்டு எந்தச் சமையலுக்கு ஆகும் என்று காட்ட இறைச்சிக் கடையில் மாட்டும் படம் இப்படித்தான் இருக்கும். அதற்குக் கீழே, 'இங்கே குழந்தை முழுமையாக வளர்கிறது' என்று கொட்டை எழுத்து வேறு. வகுப்பறையும் அப்படியே, பகுதிக்கு ஒரு மூலை. வளர்ச்சிக்கு ஐந்து பகுதி, அறைக்கோ நாலு மூலைதான். ஆகவே சமூகத்துக்கு மூலை கிடைக்கவில்லை, நடுவில் கம்பளத்தில் கிடக்கிறது.

வேலை கேட்டுப் போனபோது, "குழந்தையையும் இங்கேயே சேர்த்துக்கலாமே" என்று மேடம் சொன்னதும் எனக்கு வாயெல்லாம் பல். கட்டெறும்பைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவளுக்கு அங்கே இடம் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மையங்களுக்குத் தரம் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறவர்களின் விதிப்படி, பெற்ற தாய் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளை இருக்கக்கூடாது. எங்கள் மையத்தில் அந்த வயதுக்கு இருப்பது ஒரே வகுப்பு. அதற்கு ஒரே மிஸ். அது நான்.

"இதுல என்ன பிரச்சினை? வாசல் தாண்டி உள்ள வந்தா நீங்க அம்மா இல்ல. அவ்வளவுதான்" என்றார் மேடம், நனைந்த மழைக்கோட்டைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு வரச் சொல்வதைப் போல.

குழந்தை 'அம்மா' என்று வாயெடுக்கும்போதெல்லாம் மேடம் குனிந்து, "இங்க அம்மா யாரும் இல்லையே கண்ணு. இது யாரு?" என்பார். "மிஸ்" என்று சொல்லும்வரை விடமாட்டார். சொல்லிவிட்டால் புறங்கையில் பூப்படம் ஒன்று ஒட்டுவார். கட்டெறும்புக்குப் பூப்படம் என்றால் உயிர். கொஞ்ச நாளில் அவள் கையைப் பார்த்தால் பூந்தோட்டம்.

அழுகைக்கும் எங்கள் மையத்தில் ஒரு முறை உண்டு. அழுகிற குழந்தையை உடனே தூக்கக்கூடாது. உணர்வு மூலையில் உட்கார வைத்து, பக்கத்தில் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மணல் எல்லாம் கீழே இறங்கும்வரை குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து சூடான பாலைத்தான் அப்படி ஆற வைப்பார்கள். மணல் இறங்கிய பிறகு குழந்தை அங்கே இருக்கும் முக அட்டைகளில் ஒன்றைத் தொட்டு, தான் சோகமாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் சிரிக்கும் முகத்தைத்தான் தொடும். அதைத் தொட்டால்தான் எழுந்து போக விடுவார்கள் என்று அவை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன.

இந்த நிலைமையில்தான் நட்சத்திரம் கொடுக்க மதிப்பீட்டாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்க்க விரும்புவது பாட்டையும் ஆட்டத்தையும் அல்லவாம், தன்னிச்சையான விளையாட்டையாம். பெரியவர்கள் யாரும் சொல்லாமல் குழந்தை தானாகத் தேர்ந்தெடுத்து, தானாக விளையாட வேண்டும்.

மேடம் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "தன்னிச்சைன்னா அது பாட்டுக்கு வந்துடாது. முழுமையா பயிற்சி குடுக்கணும்."

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. யாருக்கு என்ன விளையாடத் தோன்ற வேண்டும் என்பதை மேடமே முடிவு செய்தார். நாள் முழுக்கக் கட்டை அடுக்குகிறவனைப் புத்தக மூலைக்குப் போட்டார், அவன் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் முகத்தில் படிக்கிற களை இருக்கிறதாம். தண்ணீரும் மணலும் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காத ஒருவனைக் கட்டைக்குப் போட்டார்.

"உனக்கு இப்ப என்ன விளையாடத் தோணுது கண்ணு?"

"மணல்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. என்ன தோணுது?"

அவன் நெற்றியைச் சுருக்கி உண்மையிலேயே நன்றாக யோசித்தான். "மணல்."

"உனக்குக் கட்டை தோணுது. சொல்லு, என்ன தோணுது?"

"கட்டை தோணுது மேடம்."

"வெரி குட்! எவ்வளவு அழகா தானா சொல்றான் பாருங்க" என்று மேடம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் கை தட்டினோம். தட்டாமல் இருந்தால் எங்களுக்கும் ஏதாவது தோன்ற வைத்துவிடுவார்.

உணர்வு மூலைக்குத்தான் பெரிய காட்சி. ஒரு குழந்தை அலமாரியிலிருந்து பொம்மையை எடுக்கப் போய், கிடைக்காமல் அழ வேண்டும். இன்னொரு குழந்தை வந்து ஆறுதல் சொல்ல வேண்டும். மேடம் மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார். மணல் இறங்கியதும் அழுத குழந்தை சோக முகத்தைத் தொட்டுவிட்டு, மூச்சை இழுத்து விட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போகும். ஆறுதல் சொல்லும் வேலை வகுப்பிலேயே பெரியமனுஷன் என்று பெயர் வாங்கிய பையனுக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தம் பேச வந்தவரைப் போல நடப்பான். அவன் சொல்ல வேண்டியது, "நீ சோகமா இருக்கியா? நான் உன் பக்கத்துல உக்காரட்டுமா?" ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். ஒத்திகை இல்லாத நேரத்திலும், சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் எல்லாம் போய் நீ சோகமா இருக்கியா என்று கேட்டு அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

அழும் பாத்திரம் கட்டெறும்புக்கு. எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக அழவைத்துப் பார்த்ததில் அவள்தான் பிரமாதமாக அழுதாளாம். இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தி, தோளைக் குலுக்கி, ராகம் போட்டு அழுவாள். விரலிடுக்கு வழியாக மேடத்தைப் பார்த்துக்கொள்வாள், போதுமா என்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பெற்ற மனம் அப்படித்தானே. ஆனால் அவள் நிஜமாக அழுவது அப்படி இல்லை. நிஜ வலி என்றால் வாய் திறக்கும், சத்தம் வராது. மூச்சு உள்ளே போய் அப்படியே நின்றுவிடும். முகம் கன்றிப்போகும். அப்புறம்தான் வீடு இடியும்படி குரல் வரும். அந்தச் சத்தமில்லாத நேரத்தைப் போல என்னைப் பதற வைப்பது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

பொம்மைகளுக்கென்று புது அலமாரி ஒன்று வந்து இறங்கியிருந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. கதவு மட்டும் பீரோக் கதவு மாதிரி கனம், தொட்டால் தானாகவே போய் அறைந்துகொள்ளும்.

"மேடம், இந்தக் கதவுல குழந்தைங்க கை மாட்டிக்கும்" என்றேன்.

"ஆபத்தை உணர்ந்துக்கறதும் முழுமையான வளர்ச்சிதான்மா" என்றார் அவர். அந்தச் சொல்லை வைத்து எதைத்தான் மூட முடியாது!

மதிப்பீட்டாளர் வந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் புன்னகை, கையில் பேனா. சாது மாதிரியான அம்மாள். குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார், மணல் கடிகாரம் கைக்கெட்டும் தூரத்தில். என்னை அறையின் எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார். ஆசிரியர் தலையிடாமல் தள்ளி நின்று கவனிப்பதற்குத் தனி மதிப்பெண் உண்டாம்.

விளையாட்டு தன்னிச்சையாக ஆரம்பித்தது. மணல்காரன் கட்டை அடுக்கினான், கண் மட்டும் சன்னல் வழியாக மணல் குழியில் இருந்தது. கட்டைக்காரன் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அது தலைகீழாக இருப்பது தெரியாமல் படித்தான். "தானாவே புத்தகம் எடுக்கறானே!" என்று மதிப்பீட்டாளர் வாயைப் பிளந்தார். மேடம் பணிவாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கட்டெறும்பு எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒரு கதவு திறந்திருந்தது. திறந்த கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, கீல் இருக்கும் இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு எம்பி, மேல் தட்டிலிருந்த பொம்மையை எட்டினாள். அந்தப் பக்கமாகத் தள்ளுவண்டி ஓட்டிக்கொண்டு வந்த குழந்தை ஒன்று கதவில் போய் முட்டியது. கதவு மூடிக்கொண்டது.

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

மேடம் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். அழுகை கேட்கவில்லை என்றதும் மதிப்பீட்டாளரின் தலைக்குப் பின்னாலிருந்து, கையைக் காதருகே வைத்து, 'சத்தமா, சத்தமா' என்று வாயசைத்துக் காட்டினார். பெரியமனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "நீ சோகமா இருக்கியா? நான் உன் பக்கத்துல உக்காரட்டுமா?" பதில் இல்லை. தொழில் பக்தி உள்ளவன், தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கக் கேட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மிஸ், இவ தப்பா பண்றா. கண்ணைப் பொத்தவே இல்ல" என்று புகார் சொன்னான்.

நான் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தேன். நடுவில் கிடந்த சமூக வளர்ச்சியை எல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினேன். மேடம் கையை நீட்டி, 'வேண்டாம், மணல் இன்னும் இருக்கு' என்று சைகை காட்டியது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். நடுவிரல் நசுங்கி, தோல் உரிந்து, நகம் கருநீலமாகிவிட்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"மிஸ்! மிஸ்! மிஸ்!"

கட்டடமே அதிர அவள் கத்தியது அதைத்தான். உயிர் போகிற வலியிலும் பிள்ளைக்கு விதி மறக்கவில்லை. அவளை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் மிஸ், மிஸ் என்று என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மதிப்பீட்டாளர் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தார், அது அவரை விடவில்லை. "ஐயோ, பாவம் குழந்தை! ஆனா பாருங்களேன், வலியில கூட டீச்சரைத்தான் கூப்பிடறா! எவ்வளவு நம்பிக்கை! நான் எங்கேயுமே பாத்ததில்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொறுப்பாகக் கேட்டார்: "இந்தக் குழந்தையோட அம்மாவுக்கு உடனே தெரியப்படுத்தணுமே?"

"இதோ, இப்பவே தெரியப்படுத்திடறோம் மேடம்" என்றார் எங்கள் மேடம். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கண் இமைகூட அசையவில்லை. "அவங்க அம்மா ரொம்பப் புரிஞ்சுக்கறவங்க."

நான்தான் அந்த அம்மா என்று சொன்னால் அவளுக்கு இடம் போகும், எனக்கு வேலை போகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனேன். குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் பிடித்தேன். மெதுவாக மடக்கச் சொன்னேன், மடக்கினாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். அவள் விசும்பலை அடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தாலும் என் காதில் வாயை வைத்து ரகசியமாகக் கேட்டாள்.

"மிஸ், ரொம்ப வலிக்குது. ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுக்கட்டுமா?"

இவள் என்னை மறக்கவில்லை. வீட்டிலும் தூக்கத்திலும் கூட மிஸ் என்று கூப்பிட்டது அந்த விதியைக் காப்பாற்றத்தான். அம்மா என்று வாய்தவறி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றரை வயதில் பயந்து, அந்தச் சொல்லை எங்கேயோ பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறாள்.

"கூப்பிடுடி" என்றேன்.

"பூப்படம் குடுக்க மாட்டாங்களே?"

"நாசமாப் போச்சு பூப்படம். கூப்பிடு."

"சத்தமாவா?"

"உனக்கு எவ்வளவு சத்தம் தோணுதோ அவ்வளவு சத்தமா."

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். மதிப்பீட்டாளர் மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஐந்து நட்சத்திரத்துக்குக் குறையாது என்பது போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கட்டெறும்பு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மாஆஆஆ!"

அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. என் காது அடைத்துப் போனது. "அம்மா! அம்மா! எங்கம்மா!" என்று என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும் சப்பை மூக்கைப் பார்த்தார்.

"இவங்கதான்... அம்மாவா?"

மேடம் வாயைத் திறந்தார். "அது வந்து, முழு... முழு..." அதற்கு மேல் வரவில்லை.

அழுகை ஒரு குழந்தையோடு நிற்காது என்பது இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்கும் தெரியும். அதிலும் அந்த ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். முதலில் உடைந்தது பெரியமனுஷன். பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது, உதடு பிதுங்கியது. "எங்கம்மா எங்க? எனக்கு எங்கம்மா வேணும்!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்து மணல்காரன் அழுதான். கட்டைகள் சரிந்தன. கண்ணாடிக்காரன் தலைகீழ்ப் புத்தகத்தை மூடிவிட்டு அம்மா என்று ஓலமிட்டான். தள்ளுவண்டிக் குழந்தை வண்டியை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. கம்பளம், மூலை, மொழி, அறிவு எல்லா இடத்திலும் ஒரே சொல்தான்.

மேடம் ஓடிப்போய் மணல் கடிகாரத்தை எடுத்தார். ஒரு குழந்தை முன்னால் கவிழ்த்து வைத்தார், அதற்குள் அடுத்தது வீறிட்டது. அங்கே தூக்கிக்கொண்டு ஓடிக் கவிழ்த்தார். மறுபடி இங்கே கவிழ்த்தார். மணலுக்கு மேலே போவதா கீழே போவதா என்று குழப்பம். மதிப்பீட்டாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கிடைத்த பிள்ளைகளை எல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "வந்துடுவாங்கடா, அம்மா வந்துடுவாங்க" என்று தானும் அழுதுகொண்டிருந்தார்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, இல்லை என்றுதான் நினைக்கிறேன். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கட்டெறும்பு அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் இடுப்பின் உயரத்திலிருந்து வகுப்பு முழுவதையும் ஒரு தடவை நிதானமாகப் பார்வையிட்டாள். அவளும் அழும் தொழிலில் பெயர் வாங்கியவள் அல்லவா!

"யாருமே சொல்லிக் குடுக்கல. ஆனா எல்லாரும் எவ்வளவு நல்லா அழறாங்க பாரும்மா" என்றாள்.